நகை என்னத்தால செஞ்சது, எப்பிடி வச்சிருக்கிறது: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எங்கட அப்பா பத்தர். மட்டக்களப்பு கல்லடியில வீட்டு முன்விறாந்தையிலதான் பட்டறை, இப்ப தம்பி நெருப்புக்குப் பக்கத்துல இருக்கான், நான் தராசும் கொப்பியுமா மேசையில இருக்கன். நகை கொண்டு வாற ஆக்கள் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டன். இந்த மேசையில இருந்து பாத்த அளவுல சொல்றன், போட்டுத் திரிஞ்சு பழுதான நகைய விட "பளபளப்பாக்கிறன்" எண்டு வீட்டுல எதையோ போட்டுத் தேச்சுப் பழுதான நகைதான் கூட வருது.

22 கரட், 916 எண்டெல்லாம் போட்டிருக்கே, அது என்ன?

சுத்தத் தங்கத்த 24 பங்கு எண்டு வச்சா அதுல 22 பங்கு தங்கம், மிச்சம் ரெண்டு பங்கு செம்பும் வெள்ளியும். 22ஐ 24ஆல பிரிச்சா நூத்துக்கு 91.6, அதுதான் 916. அதே கணக்குல 21 கரட்டுக்கு 875, 18 கரட்டுக்கு 750. இன்னும் விளங்கிற மாதிரி சொல்றதெண்டா ஒரு பவுண், அதாவது 8 கிராம், 22 கரட் நகையில சுத்தத் தங்கம் 7.33 கிராம், 21ல 7 கிராம், 18ல 6 கிராம்.

"அப்ப 24லயே செஞ்சு தாங்களன்" எண்டு கேப்பாங்க. செய்யலாம், ஆனா சுத்தத் தங்கம் சரியான மெத்து, காப்பு செஞ்சு போட்டா கதவுல இடிச்ச அண்டைக்கே நெளிஞ்சிடும். செம்பும் வெள்ளியும் சேக்கிறது ஏமாத்திறதுக்கில்ல, உரம் வாறதுக்கு. கல்லு வச்ச மோதிரத்துக்கு 22ஏ மெத்துதான், கல்லப் பிடிச்சிருக்கிற கொக்கிகள் நாள் போகப் போக விரிஞ்சு குடுக்கும், அதாலதான் வைர மோதிரங்கள கூடுதலா 18 கரட்டுல செய்யிறாங்க. 18 எண்ட உடனே "கூடாத தங்கம்" எண்டு முகத்தச் சுளிக்க வேணாம், விலைய 18க்குத்தான் போட்டிருக்காங்களா எண்டு மட்டும் பாருங்க.

மகள் குவைத்துல இருந்து கொண்டு வந்த சங்கிலி, இஞ்ச அடகு வைக்கப் போனா குறைச்சுச் சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

ஏறாவூர், வாழைச்சேனை, சம்மாந்துறைப் பக்கமிருந்து வாற அம்மாமார், உம்மாமார் எல்லாரும் கேக்கிற கேள்வி இது. கூடுதலா அது ஏமாத்து இல்ல. குவைத், சவூதிப் பக்கம் கூடுதலா விக்கிறது 21 கரட் நகை, கொளுவிக்குப் பக்கத்துல 875 அல்லது 21 எண்டு சின்னதா அடிச்சிருக்கும், லென்ஸ் வச்சாத்தான் தெரியும், இல்லாட்டி ஃபோன் கெமராவ பெருசாக்கிப் பாருங்க. இஞ்ச நாம மனசுல வச்சிருக்கிறது 22 விலை. பவுணுக்கு 0.33 கிராம் சுத்தத் தங்கம் குறையுது, அஞ்சு பவுண் எண்டா ஒன்றரைக் கிராமுக்கு மேல வித்தியாசம் வரும்தானே. அதோட கல்லு, எனாமல் இருந்தா அதுக்கும் நிறை கழிப்பாங்க. பில்ல தூக்கி எறியாம வச்சிருங்க, அரபியில இருந்தாலும் எண்ணு எண்ணுதான்.

இந்தியாவில வாங்கினது?

இந்தியாவில ஹோல்மார்க் எண்டுற தரமுத்திரை அடிச்சு விக்கிற நகையில 2023 ஏப்ரல் 1இல இருந்து ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நம்பர் கட்டாயம் இருக்கணும், ஒவ்வொரு நகைக்கும் தனி நம்பர். அதுக்கு முந்தி வாங்கினதெண்டா பழைய முத்திரை மட்டும் இருக்கலாம், பயப்பட ஒண்டுமில்ல.

வாங்கின கடையிலயே திருப்பி வித்தாலும் ஏன் விலை குறையுது?

செய்கூலி, சேதாரம் ரெண்டும் போனா போனதுதான், அது நகைக்குள்ள இல்ல. கல்லுக்கு நீங்க தங்க விலையில காசு குடுத்திருந்தா அதுவும் போச்சு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், தெரியாத ஒண்டு ஒட்டு. ஒரு சங்கிலியில எத்தனையோ வளையம், ஒவ்வொரு வளையத்தையும் மூட ஒட்டுப்பொடி வைக்கணும், அந்தப் பொடி தங்கத்த விடக் கெதியா உருகணும் எண்டுறதால அதுல வெள்ளியும் செம்பும் கூட. (சுத்தத் தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸ் வேணும்.) நிறைய வேலைப்பாடுள்ள நகைய உருக்கினா இந்தப் பொடியெல்லாம் சேந்து கரட்ட இறக்கிடும். சாதா மொத்தக் காப்பு உருக்கினா அவ்வளவா இறங்காது. அதால நாளைக்கு விக்கிற எண்ணத்துல வாங்கிறவங்க வேலைப்பாடு குறைஞ்சதா வாங்கிறது நல்லம், எங்கட தொழிலுக்கு நட்டமான புத்திமதிதான், என்ன செய்ய.

கேடிஎம் எண்டு சொல்றது கட்மியம் கலந்த ஒட்டு. அதால ஒட்டினா கரட் இறங்காது, ஆனா உருகக்குள்ள வாற புகை பத்தர்ட நெஞ்சையும் கிட்னியையும் அரிச்சிடும். "கேடிஎம்தான் பெஸ்ட்" எண்டு கேட்டு வாறவங்களுக்கு தம்பி சிரிச்சிக்கிட்டே இல்லை எண்டுருவான்.

ஒரிஜினல் தங்கமா எண்டு வீட்டுல பாக்க ஏலுமா?

கொஞ்சம் ஏலும், முழுசா ஏலா. காந்தத்துல ஒட்டினா உள்ளுக்கு இரும்பு இருக்கு எண்டு தெரிஞ்சிடும், ஒட்டாட்டி ஒண்டும் தெரியாது, ஏனெண்டா செம்பு, பித்தளை, வெள்ளி எதுவுமே காந்தத்துல ஒட்டாது. சங்கிலிட கொளுவிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் உருக்கா இருந்து அது மட்டும் ஒட்டலாம், அதுக்காக சங்கிலியே போலி எண்டு அழ வேணாம். பல்லால கடிச்சுப் பாக்கிற வேலைய விடுங்க.

நாங்க முதல்ல உரைகல்லுல உரசி அமிலம் வச்சுப் பாக்கிறம், கோடு அழிஞ்சு போனா தங்கம் இல்ல, நிண்டா பக்கத்துல தெரிஞ்ச கரட் ஊசியால இன்னொரு கோடு போட்டு ரெண்டையும் ஒத்துப் பாக்கிறது. பெரிய கடைகள்ல கரட் மெஷின் இருக்கு, எக்ஸ்-கதிர் அடிச்சு ஒரு நிமிஷத்துல சொல்லிடும். ஆனா அது மேல்தோலைத்தான் பாக்கும், தடிப்பா முலாம் பூசினதில ஏமாந்திடும். தண்ணிக்குள்ள தொங்கவிட்டு நிறுத்து அடர்த்தி பாக்கிற முறையும் நல்லம், சுத்தத் தங்கம் தண்ணிய விட 19.3 மடங்கு பாரம், வெள்ளி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் குறைவு. ஆனா உள்ளுக்கு கோறையா இருக்கிற காப்புக்கு அந்தக் கணக்கு சரிவராது. சந்தேகம் எண்டா ரெண்டு கடையில காட்டுங்க, அதான் நேர்வழி. கல்லுக்கும் தங்கத்துக்கும் சட்டப்படி எழுத்து வேணும் எண்டா தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைட பரிசோதனை இருக்கு.

தங்கச் சங்கிலி கழுத்துல கறுப்பா ஊறுது. உடம்புல ஏதும் வருத்தமோ?

இல்ல. எங்கட அம்மம்மாவும் இப்பிடித்தான், சங்கிலி கறுத்தா "புள்ளைக்கு உடம்புச்சூடு" எண்டு தேங்காயெண்ணெய் வப்பா. தங்கம் கறுக்கிறதில்ல, அதுல கலந்திருக்கிற செம்பும் வெள்ளியும்தான் வேர்வையோட சேந்து கறுக்குது. கரட் குறையக் குறைய இது கூடும். இன்னொண்டு, முகப்பவுடர். பவுடர்ல இருக்கிற நுண்ணிய மண் மாதிரியான சாமான் தங்கத்தத் தேய்ச்சு எடுக்கும், அந்தத் தேஞ்ச தூள்தான் தோல்ல கறுப்பாத் தெரியும். சங்கிலிக்குக் கீழ பவுடர் போடாம ஒரு கிழமை இருந்து பாருங்க, கறுப்பு வராமப் போனா காரணம் அதுதான்.

மோதிரம் திடீரெண்டு வெள்ளையாப் போச்சு. போலியா?

இதக் கொஞ்சம் வடிவா வாசிங்க, இதுல நகைய விடப் பெரிய விசயம் இருக்கு.

ஒரு புள்ள கல்யாண மோதிரத்தக் கொண்டு வந்தா, ஒரு பக்கம் மஞ்சள், மற்றப் பக்கம் ஈயம் மாதிரி சாம்பல் வெள்ளை, திட்டுத் திட்டா. "மாப்பிள்ளை வீட்டாக்கள் போலி போட்டுட்டாங்க" எண்டு தாய் கூடவே வந்து நிண்டு பேசுறா, உரசிப் பாத்தா அசல் 22. மறுகா நான் மெல்லமாக் கேட்டன், முகத்துக்கு என்ன பூசுறீங்க எண்டு. வெள்ளையாகிற கிறீம், பேர் விலாசம் ஒண்டும் ஒழுங்கா இல்லாத சின்ன டப்பா, யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தது.

அதுக்குள்ள இருந்தது பாதரசம். பாதரசம் தங்கத்தோட பட்டா சேந்து வெள்ளையாகிடும், உடைஞ்ச பழைய காய்ச்சல் மானி பட்டாலும் இதேதான் நடக்கும். சில டப்பாவில "நகையில படாமல் பாருங்கள்" எண்டே எழுதியிருக்கும், அப்பிடி எழுதின கிறீம கையாலயும் தொட வேணாம். பாதரசம் தோலால உள்ளுக்குப் போய் கிட்னியப் பழுதாக்கும், புள்ளத்தாச்சி எண்டா வயித்துப் புள்ளைக்கும் போகும். பாதரசத்தால வாற கேட்டத் தடுக்கிறதுக்கு 2013இல வந்த மினமாட்டா எண்ட உலக ஒப்பந்தத்துல இப்பிடியான அழகுசாதனங்களும் அடங்கும்.

மோதிரத்துக்கு வருவம். சூடாக்கினா பாதரசம் ஆவியாப் போகும், மஞ்சள் திரும்பும், ஆனா அந்த ஆவி நஞ்சு. வீட்டுல காஸ் அடுப்புல வச்சுச் சுடவே கூடாது. பத்தரிட்ட குடுக்கக்குள்ளயும் "இதுல பாதரசம் பட்டிருக்கு" எண்டு சொல்லிக் குடுங்க, அவரும் மனிசன்தானே.

சரி, தங்க நகைய வீட்டுல எப்பிடிக் கழுவுறது?

இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு சின்னப் புள்ளைகள்ட மெத்துப் பிரஷ்ஷால மெதுவாத் தட்டி எடுத்து நல்ல தண்ணியில அலசித் துடைச்சு காய விடுங்க. அவ்வளவுதான். பூந்திக்கொட்டைய ஊறப்போட்டு அந்த நுரையில கழுவுறது பழைய முறை, இண்டைக்கும் அத விட நல்லது ஒண்டும் எனக்குத் தெரியா. தாலிக்கொடியில மஞ்சளும் குங்குமமும் இறுகிப் போயிருந்தா கொஞ்சம் கூட நேரம் ஊறட்டும், ஊசியால கிண்ட வேணாம்.

சிங்குக்கு மேல வச்சுக் கழுவ வேணாம், கோப்பையில வச்சுக் கழுவி அந்தத் தண்ணிய வடிதட்டால ஊத்துங்க, கழண்ட கல்லோ தோட்டுச் சுரையோ அதுல நிக்கும்.

பற்பசை வேணாம். பல்லுட எனாமல் தங்கத்த விட உரம், பல்லுக்குச் செஞ்ச சாமான் தங்கத்தக் கீறத்தான் செய்யும், முதல் நாள் மினுங்கும், லென்ஸ்ல பாத்தா பூனை பிறாண்டின மாதிரி இருக்கும். சாம்பல், விம் பவுடர், புளி போட்டுத் தேக்கிறது எல்லாம் குத்துவிளக்கோட நிப்பாட்டுங்க. கிளோறின், வெள்ளை உடுப்புக்குப் போடுற பிளீச், இதுகளும் ஆகா, அதுவும் கரட் குறைஞ்ச நகையில ஒட்டு வச்ச இடங்கள அரிச்சு வெடிக்கப் பண்ணிடும். டொய்லெட் கழுவப் போகக்குள்ள மோதிரத்தக் கழட்டிட்டுப் போங்க.

பழைய அட்டியல், பெரிய தோடு, இதுகள்ல உள்ளுக்கு அரக்கு ஊத்தியிருப்பாங்க. சுடுதண்ணியில போட்டா அரக்கு இளகி கல்லோட வெளிய வந்திடும். வெள்ளைக்கல்லுக்குப் பின்னால தாள் வச்சு மூடின பழைய நகைகளும் இருக்கு, அந்தத் தாள்தான் கல்லுக்கு மினுக்கம் குடுக்கிறது, தண்ணி உள்ள போனா கறுத்து கல்லு செத்த மீன்ட கண் மாதிரி ஆகிடும். அம்மம்மாட நகை எண்டா தண்ணியில போட முந்தி ஒருக்காக் கொண்டந்து காட்டுங்க, பாக்கிறதுக்கு காசில்ல.

வீட்டுக்கே வந்து நகை பொலிஷ் பண்ணித் தாறாங்களே, குடுக்கலாமா?

குடுக்க வேணாம். எங்கட மாமி குடுத்தா. பத்தர் வீட்டுச் சம்பந்தம் இருந்தும் குடுத்தா எண்டுறதுதான் கவலை.

மோட்டசைக்கிள்ல ரெண்டு பேர் வந்திருக்கானுகள். முதல்ல ஒரு பவுடர் பெக்கற்ற நீட்டி குத்துவிளக்கக் குடுங்க, இலவசமா காட்டுறம் எண்டு தேச்சுக் காட்ட விளக்கு பளபள எண்டு வந்திட்டு. மறுகா காலுல கிடந்த கொலுசு. அதுவும் வெள்ளையா வந்திட்டு. மறுகாதான் "அம்மா அந்தச் சங்கிலியும் மங்கிக் கிடக்கே". ஒரு சட்டிக்குள்ள ஏதோ மஞ்சள் தண்ணி, அதுக்குள்ள சங்கிலியப் போட்டு கொஞ்ச நேரம் ஆட்டி, எடுத்து மஞ்சள்தூள் தண்ணிக்குள்ள போட்டு "பத்து நிமிஷத்தால எடுங்க" எண்டுட்டுப் போயிட்டானுகள். மாமி எடுத்து எனக்கு ஃபோன் பண்ணி "புள்ள, சங்கிலி சொரசொரக்குதுகா" எண்டா. மூண்டு பவுண் சங்கிலி, 24 கிராம், என்ட கொப்பியில எழுதிக் கிடக்கு. தராசுல வச்சா 20.3.

அந்தத் தண்ணி ராஜதிராவகம், நைத்திரிக்கமிலம் ஒரு பங்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் மூண்டு பங்கும். தனித்தனியா ரெண்டும் தங்கத்த ஒண்டும் செய்யாது, சேந்தா கரைச்சிடும். கரைஞ்ச தங்கம் அந்தச் சட்டிக்குள்ளதான் இருக்கும், வீட்ட போய் திருப்பி எடுத்திடுவானுகள். அதாலதான் மஞ்சள் தண்ணிக்குள்ள போட்டுப் பத்து நிமிஷம் பாக்க வேணாம் எண்டு சொல்றது, அதுக்குள்ள அவனுகள் பாலம் தாண்டிடுவானுகள்.

வெள்ளிக் கொலுசு ஒரு மாசத்துலயே கறுக்குது, 925 எண்டு போட்டிருக்கே?

925 எண்டா ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி, மிச்சம் கூடுதலா செம்பு. கறுக்கிறது போலி எண்டுறதுக்கு அடையாளம் இல்ல, வெள்ளிக்கு கந்தகம் ஆகா, காத்துல கொஞ்சம் இருந்தாலும் இழுத்து கறுப்புப் படலம் பிடிச்சிடும். வாவிக் கரையில இருக்கிறவங்களுக்கு விளங்கும், தண்ணி வத்தி சேறு தெரியக்குள்ள வாற அந்த கூழ்முட்டை மணம், அதுதான் கந்தகம். முட்டை, வெங்காயம், இறப்பர்பாண்ட் எல்லாத்துலயும் இருக்கு, வெள்ளிய இறப்பர்பாண்ட் போட்டுக் கட்டி வைக்கிறவங்க அந்தப் பழக்கத்த விடுங்க.

எடுக்கிற முறை இது. பீங்கான் கோப்பைக்கு அடியில அலுமினியத் தாள விரிச்சு, அதுக்கு மேல கொலுசு படுற மாதிரி வச்சு, ஒரு லீட்டர் கொதிதண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டு ஊத்துங்க. கந்தகம் வெள்ளிய விட்டுட்டு அலுமினியத்துக்குப் போகும், கொஞ்சம் மணக்கும், பயப்பட வேணாம். தேய்ச்சு எடுத்தா ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெள்ளி போகும், இதுல படலமா இருந்த வெள்ளியும் திரும்பி வெள்ளியாகிடும், அதால எனக்கு இந்த முறையில சரியான விருப்பம். ஆனா வேலைப்பாட்டுக்காக வேணுமெண்டே கறுப்பேத்தின நகை, கல்லு ஒட்டினது, முத்து வச்சது, இதுகள அதுக்குள்ள போட வேணாம்.

பெரிய பகிடி என்னெண்டா ஜேர்மன் சில்வர் எண்டு விக்கிறதுல ஒரு துளி வெள்ளியும் இல்ல, செம்பு, நிக்கல், நாகம் எண்டுற துத்தநாகம், மூண்டும்தான்.

சின்னப் புள்ளைகள்ட வெள்ளி அருணாக்கொடி தோல்ல கறுத்தா வெறும் சவுக்காரமும் தண்ணியும் போதும், கழட்டிக் கழுவுங்க.

முத்து மாலை மங்கிப் போச்சு, எலுமிச்சம்புளி போடலாமா?

போட்டா முத்தே இருக்காது. முத்தும் பவளமும் சிப்பி, சுண்ணாம்பு மாதிரியான சாமான், புளி பட்டா கரையும். வினாகிரி, சோடா, வேர்வை கூட மெல்ல மெல்ல அரிக்கும். சென்ட், தலைக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் போட்டு முடிஞ்சு, கடைசியா முத்தப் போடுங்க, வீட்டுக்கு வந்தா முதல்ல முத்தக் கழட்டுங்க. ஈரப் பஞ்சுத்துணியால துடைச்சா போதும், மாலைய முழுசாத் தண்ணியில ஊறப்போட்டா பட்டு நூல் இழுபட்டு அழுகிடும். ஒவ்வொரு முத்துக்கும் இடையில முடிச்சு இருக்கோ எண்டு பாத்து வாங்குங்க, நூல் அறுந்தா ஒண்டுதான் போகும், முடிச்சு இல்லாட்டி கோயில் வீதி முழுக்க குனிஞ்சு பொறுக்கணும்.

கல்லு வச்ச நகைகள்?

நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே சாதி, குருந்தம், உரத்துல வைரத்துக்கு அடுத்தது, 10க்கு 9. நல்ல கல்லெண்டா சவுக்காரத் தண்ணிக்குப் பயமில்ல. இரத்தினபுரியில எடுக்கிற நீலக்கல்லு பலதையும் 1,500 பாகைக்கு மேல சுட்டுத்தான் நிறம் எடுக்கிறாங்க, அது களவு இல்ல, ஆனா சுட்டதா சுடாததா எண்டு சொல்லித்தான் விக்கணும், விலை நிறைய வித்தியாசப்படும். கவனிக்க வேண்டியது மலிவு மாணிக்கம். வெடிப்புக்குள்ள ஈயக் கண்ணாடி நிரப்பி விக்கிறாங்க, பாக்கச் சிவப்பா வடிவா இருக்கும், எலுமிச்சம்புளி பட்டாலே அந்தக் கண்ணாடி அரிச்சு வெள்ளை நரம்பு நரம்பாத் தெரியும். மீன் வெட்டி எலுமிச்சம்புளி போட்டுக் கை கழுவுற ஊர்ல இது விளையாட்டில்ல.

மரகதத்துக்கு எண்ணெய் ஊட்டியிருப்பாங்க, அதுட வெடிப்பு தெரியாம இருக்க. சுடுதண்ணியோ, கடைகள்ல இருக்கிற அதிர்வு மெஷினோ பட்டா எண்ணெய் போய் வெடிப்பெல்லாம் வெளிய வரும். அந்த மெஷின் முத்து, பவளம், ஓப்பல், அரக்கு நகைக்கும் ஆகா.

வைரம் மங்கினா கூடுதலா அது எண்ணெய்தான், வைரத்துல கொழுப்பு நல்லா ஒட்டும், கல்லுட பின்பக்கத்த பிரஷ்ஷால கழுவினா உயிர் வந்திடும். வைரத்த மற்ற நகையோட ஒரே பெட்டிக்குள்ள போட வேணாம், எல்லாத்தையும் அது கீறும். வைரம் உடையாது எண்டும் நினைக்க வேணாம், சரியான கோணத்துல அடி விழுந்தா பிளக்கும். சந்திரகாந்தக் கல்லு மெத்து, 6 சொச்சம், கடற்கரை மணல்ட உரம் 7, அத யோசிச்சுப் பாருங்க.

கவரிங் தோடு போட்டா காது அரிச்சுப் புண்ணாகுது, ஏன்?

நிக்கல். பித்தளைக்கு மேல நிக்கல் அடிச்சு அதுக்கு மேல தங்கமுலாம் பூசுவாங்க, முலாம் ஒரு மைக்ரோன் கூட வராது கூடுதலானதுல, தேஞ்ச உடனே நிக்கல் தோல்ல படும். ஒருக்கா ஒத்துக்காமப் போனா மறுகா வாழ்நாள் முழுக்க ஒத்துக்காது. விரல் பச்சையாகிறது வேற விசயம், அது செம்பும் வேர்வையும், கழுவினாப் போயிடும். காது குத்தின புதுசுல புள்ளைகளுக்கு கவரிங் போடவே வேணாம், சின்னத் தங்கத் தோடு போடுங்க, வசதி இல்லாட்டி டைட்டேனியம்.

கவரிங்க கூட நாள் வச்சிருக்க தண்ணி, சென்ட், வேர்வை படாமப் பாக்கிறதுதான். நெயில்பொலிஷ் பூசுறது ரெண்டு கிழமைக்கு உதவும். வெள்ளைத் தங்கம் எண்டு வாங்கினதும் மேல ரோடியம் முலாம்தான், சில வருசத்துல மஞ்சள் எட்டிப் பாக்கும், திரும்ப அடிக்கலாம்.

கடல்ல குளிக்கக்குள்ள கழட்டணுமா?

உப்புத்தண்ணி 22 கரட்ட ஒண்டும் செய்யாது, ஆனா தண்ணிக் குளிருக்கு விரல் சுருங்கி மோதிரம் கழண்டு போறதும், தேஞ்ச கொளுவி அலையில திறக்கிறதும்தான் நடக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கும் திருக்கோவில் கடலுக்கும் போறவங்க நகைய வீட்டுல வச்சிட்டுப் போங்க, அண்டைக்கு இருக்கிற சனத்துல கடலை மட்டும் குறை சொல்ல ஏலா. வருசத்துக்கு ஒருக்கா சங்கிலிய ரெண்டு கையாலயும் வெளிச்சத்துல பிடிச்சு வளையம் வளையமாப் பாருங்க, உள்பக்கம் பாதி தேஞ்சிருந்தா மாத்தணும்.

வெள்ளத்துல, சேத்துல கிடந்த நகைய என்ன செய்யிறது?

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அப்பாட மேசைக்கு வந்த நகைகள் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. சின்னப் புள்ள நான், சட்டியில தண்ணி மாத்திக் குடுக்கிறது என்ட வேலை. தங்கத்த சேறு கழுவி எடுத்தா நேத்துக் கழட்டினது மாதிரி இருக்கும். வெள்ளி கரிக்கட்டை. கவரிங் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்திச்சு. அப்பா யாரிட்டயும் காசு வாங்கல்ல, யாருட நகை எண்டும் கேக்கல்ல.

செய்யிற முறை, முதல்ல தேய்க்க வேணாம், சேத்துல இருக்கிற மணல் கீறும். நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் மாத்தி மாத்தி ஊற விடுங்க, சேறு தானா இறங்கினதுக்குப் பிறகு சவுக்காரத் தண்ணி. கோறைக் காப்புக்குள்ள தண்ணி நிக்கும், சின்ன ஓட்டை ஒண்டு இருக்கும், அதக் கீழ்ப்பக்கமாப் பிடிச்சு ஒரு நாள் வைங்க.

எதுல போட்டு வைக்கிறது?

ஒவ்வொண்டையும் தனித்தனி பஞ்சுத்துணிப் பையில. கடையில தாற றோஸ் கலர் பேப்பரும் நல்லம். வெள்ளிய மட்டும் காத்துப் போகாத பொலித்தீன் பெக்ல, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பெக்கற் ஒண்டோட. முத்துக்கு அந்தப் பெக்கற் வேணாம், அளவுக்கு மிஞ்சிக் காஞ்சா வெடிக்கும்.

திருத்தக் குடுக்கக்குள்ள என்ன பாக்கணும்?

உங்கட முன்னால நிறுக்கச் சொல்லுங்க, கிராம்ல புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் வரை துண்டுல எழுதி வாங்குங்க, கல்லுகள எண்ணி அதையும் எழுதச் சொல்லுங்க, ஃபோன்ல ரெண்டு பக்கமும் படம் எடுங்க. எடுக்க வரக்குள்ள திரும்ப நிறுக்கணும், ஒட்டுக்குப் பொடி வச்சா கொஞ்சம் கூடும், அரம் போட்டு மினுக்கினா கொஞ்சம் குறையும், ரெண்டும் புள்ளிக்குப் பிறகுதான் வரணும். தெரிஞ்ச கடைதானே, நிறுக்கச் சொன்னா கோவிப்பாங்க எண்டு கூச்சப்பட வேணாம். எங்களிட்ட வந்தாலும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் போகணும்.